யாரைச் சுடுவதற்கு?

என் அக்காள் மகன் ஒருவன் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் இருக்கிறான். நல்ல பிள்ளை. அனந்தபுரத்துப் புழுதியில் புரண்டு, செஞ்சியில் படித்து, சென்னையில் பட்டம் வாங்கி, கடல் கடந்து போய்க் கை நிறையச் சம்பாதித்து, அந்த நாட்டின் பிரஜையாகவும் ஆகிவிட்டவன். எறும்பு ஊர்கிற தடத்தில் கால் வைக்க யோசிக்கிற சுபாவம் அவனுக்கு. அப்படிப்பட்டவன் 2020 மார்ச் மாதத்தில் ஒரு நாள் ராத்திரி எனக்கு டெலிபோன் செய்து, “மாமா, ஒரு துப்பாக்கி வாங்கிட்டேன்” என்றான்.

குழந்தைக்கு ஏதோ விளையாட்டுச் சாமான் வாங்கிய கதையைச் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“நிஜத் துப்பாக்கிதான் மாமா. கடை வாசல்ல மூணு மணி நேரம் க்யூவில நின்னேன். தோட்டாவுக்குத்தான் ரொம்பத் தட்டுப்பாடு. ஆளுக்கு ரெண்டு பெட்டிக்கு மேல கிடையாதுன்னுட்டான்.”

மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் க்யூவில் நின்ற வம்சம் எங்களுடையது. தோட்டாவுக்கு ரேஷன் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன்.

“யாரைடா சுடப் போற?” என்றேன்.

“யாரையும் சுடுறதுக்கு இல்ல மாமா. ஒரு பாதுகாப்புக்கு. இங்க கடையெல்லாம் காலியாக் கிடக்கு. நாளைக்குச் சாப்பாடு தீர்ந்துபோச்சுன்னா ஜனங்க வீடு புகுந்துடுவாங்க.”

“எந்த ஜனங்க?”

“யாரு வேணா வரலாம். பக்கத்து வீட்டுக்காரனே வரலாம்.”

“பக்கத்து வீட்டுக்காரர் பேர் என்ன?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, “தெரியாது மாமா. எதிர்ல பார்த்தா கையை ஆட்டுவோம், அவ்வளவுதான்” என்றான்.

அன்றைக்கு நான் மேலே பேசவில்லை. ஆனால் சென்ற பொங்கலுக்கு அவன் ஊருக்கு வந்திருந்தபோது, எங்கள் வீட்டுத் திண்ணையில் இந்த விவகாரம் மறுபடியும் கிளம்பியது. நம் தேசத்திலும் யோக்கியமான ஒவ்வொரு குடும்பஸ்தனுக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமை வேண்டும் என்று அவன் வாதாடினான். ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தலையாட்டினார். அரிசி வியாபாரம் செய்கிற நண்பர் ஒருவர், “தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு” என்றார். நான் சிறுபான்மையாகிப் போனேன். திண்ணையில் தோற்றவனுக்குக் காகிதம்தானே கதி? என் கட்சியை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் மருமகனுக்கு நியாயம் செய்ய வேண்டும். அந்த மாதத்தில் பயந்தவன் அவன் ஒருவன் மட்டும் அல்ல. அமெரிக்காவில் லைசென்ஸ் பெற்ற கடைக்காரன் துப்பாக்கி விற்பதற்கு முன்னால், வாங்குகிறவன்மேல் ஏதேனும் குற்றம் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த விசாரணைகளின் கணக்கை அவர்களுடைய மத்தியப் புலனாய்வுத் துறை மாதா மாதம் வெளியிடுகிறது. ஒவ்வொரு விசாரணையும் ஒரு விற்பனை ஆகாது. ஆனாலும் காய்ச்சல் எத்தனை டிகிரி என்பது அதில் தெரியும். 2020 மார்ச் மாதத்தில் மட்டும் 37 லட்சத்துக்கு மேல். 1998ல் இந்த முறை ஏற்பட்டதிலிருந்து அதுவரை எந்த மாதத்திலும் அவ்வளவு வந்ததில்லை. 2019 முழுவதும் 2 கோடியே 83 லட்சமாக இருந்தது, 2020ல் 3 கோடியே 96 லட்சம் ஆயிற்று. பள்ளிக்கூடத்தையும் கோயிலையும் மூடிய காலத்தில், துப்பாக்கிக் கடை அத்தியாவசியமான கடையா இல்லையா என்று அந்த நாட்டில் வழக்காடினார்கள். அத்தியாவசியம்தான் என்று மார்ச் மாதக் கடைசியில் மத்திய அரசாங்கமே ஒரு பட்டியல் போட்டுச் சொல்லிவிட்டது.

வந்த வியாதியோ கண்ணுக்குத் தெரியாத கிருமி. அதைச் சுட முடியாது. அப்படியானால் அந்தத் தோட்டாக்கள் யாருக்கு? என் மருமகனே சொல்லிவிட்டானே, பக்கத்து வீட்டுக்காரனுக்கு! அந்தப் பக்கத்து வீட்டுக்காரனும் அதே க்யூவில் இவனுக்கு நாலு பேர் முன்னால் நின்றிருப்பான். அவன் வாங்குகிறானே என்று இவன், இவன் வாங்குகிறானே என்று அவன். பீதியில் வாங்கும் சரக்குக்கு இது ஒரு விசேஷ குணம்: ஒருவன் வாங்கியதே அடுத்தவன் வாங்குவதற்குக் காரணமாகிவிடுகிறது.

“நம்ம கொள்ளுத் தாத்தாவே துப்பாக்கி வச்சிருந்தாரே மாமா!” என்று திண்ணையில் என்னை மடக்கினான். வாஸ்தவம்தான். அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தாத்தா ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். மல்லாட்டைக் கொல்லையைக் காட்டுப்பன்றி கிளறிவிட்டுப் போவதைத் தாங்க முடியாமல், கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து லைசென்ஸ் வாங்கியது. எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம் என்று அந்த லைசென்சிலேயே எழுதியிருக்கும். எலெக்‌ஷன் வந்தால் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். ஓட்டு எண்ணி முடித்த பிறகு போய்த் திருப்பிக்கொண்டு வருவார். ஊரில் அவருக்கு அதனால் ஒரு மதிப்பு.

நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு வருஷம், சுற்று வட்டாரத்தில் கொள்ளைக் கூட்டம் ஒன்று இறங்கியிருக்கிறது என்று வதந்தி. ஊரே தாத்தாவை நம்பி இருந்தது. அவரும் ராத்திரி முழுவதும் தோட்டாவைப் போட்டுக்கொண்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் ராத்திரி வைக்கோற்போர்ப் பக்கம் சரசரப்பு. “யார்ரா அது?” என்று இரண்டு தடவை கேட்டாராம். பதில் வரவில்லை. சுட்டுவிட்டார். விடிந்து பார்த்தால், பக்கத்து வீட்டு எருமைக் கன்று!

பதில் சொல்லும் சக்தி கன்றுக்கு இல்லை. காது மந்தமான கிழவனோ, வயிற்றுவலிக்கு எழுந்து வந்த குழந்தையோ ஆனாலும் பதில் வந்திருக்காது. தாத்தா கன்றுக்கு விலை கொடுத்தார். மறுநாளே துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அந்த வருஷம் எலெக்‌ஷன் எதுவும் கிடையாது. கொள்ளைக் கூட்டம் கடைசிவரை வரவேயில்லை. எங்கள் வீட்டுத் துப்பாக்கி தன் ஆயுளில் கொன்றவற்றுள் பெரிய பிராணி அந்தக் கன்றுதான். இதை எங்கள் பாட்டி சொல்லும்போது நாங்கள் எல்லாரும் சிரிப்போம். பாட்டி மட்டும் சிரிக்க மாட்டாள்.

இனித் திண்ணையில் வந்த வாதங்களுக்கு வருகிறேன்.

“இது வெள்ளைக்காரன் நம்மைக் கண்டு பயந்து போட்ட சட்டம்” என்றார் பெரியவர். ஒப்புக்கொள்கிறேன். லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், ஆளுகிறவன் துரைக்கு ஒரு நீதியும் இந்தியனுக்கு ஒரு நீதியும் வைத்துச் செய்த சட்டம்தான். நம்மவர்கள் அதை அவமானமாகக் கருதியதும் நியாயம்தான். ஆனால் சுதந்திரம் வந்த பிறகு நாமே 1959ல் வேறொரு சட்டம் செய்தோம். துப்பாக்கி கூடவே கூடாது என்று அது சொல்லவில்லை. காரணத்தைச் சொல், விசாரித்துத் தருகிறோம் என்கிறது. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததை 2019ல் பார்லிமெண்ட் இரண்டாகக் குறைத்தது. விதை கெட்டவன் போட்டது என்பதற்காக, நிழல் தருகிற மரத்தை வெட்ட வேண்டுமா?

“கெட்டவன் கையில் ஆயுதம் இருக்கிறது, நல்லவன் கையில் இல்லை” என்றார் அரிசி வியாபாரி. ஐயா, பயந்த ராத்திரியில் நல்லவன் யார், கெட்டவன் யார் என்று பிரித்துச் சொல்லும் விளக்கு எந்தக் கடையில் கிடைக்கும்? 2018 மே மாதத்தை மறந்துவிட்டீர்களா? வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் ஒரு வதந்தி நம் வட ஜில்லாக்கள் எங்கும் பரவியது. ஊருக்கு ஊர் தடியோடு ராக்காவல் போட்டார்கள். மே 9ஆம் தேதி, பக்கத்துத் திருவண்ணாமலை ஜில்லாவில் போளூருக்குச் சமீபம் அத்திமூரில், குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். கூட்டம் சேர்ந்து அடித்ததில் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மாள் செத்துப்போனாள். அதே நாள் பழவேற்காட்டில் இன்னொரு மனிதனையும் அடித்துக் கொன்றார்கள்.

அடித்தவர்கள் யார்? கொள்ளைக்காரர்களா? தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றக் கிளம்பிய தகப்பன்மார்கள்! நீங்கள் சொல்லும் ‘நல்லவர்கள்’ அவர்கள்தான். கையில் கிடைத்ததை வைத்தே இவ்வளவு. வீட்டுக்கு ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் அந்தக் காரில் வந்த ஒருவர்கூடத் திரும்பியிருக்க மாட்டார்கள்.

“ஆபத்துக்குப் போலீஸ் வந்து சேராது, நம்மை நாமேதான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்” என்றான் மருமகன். இதுதான் கனமான வாதம். போலீஸ் வராத இடங்கள் உண்டு. 2023 மே மாதம் மணிப்பூரில் அப்படித்தான் ஆயிற்று. அங்கே ஜனங்கள் பயந்ததற்குக் காரணம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வீடுகள் எரிந்தன, மனிதர்கள் வெட்டுப்பட்டார்கள். போலீஸ் ஆயுதக் கிடங்குகளுக்குள் கூட்டம் புகுந்து, ஏறத்தாழ 6,000 துப்பாக்கிகளையும் 6 லட்சம் தோட்டாக்களையும் வாரிக்கொண்டு போயிற்று. கிராமத்துக்குக் கிராமம் பதுங்கு குழி தோண்டிக் காவல் இருந்தார்கள். எல்லாம் தற்காப்புக்காகத்தான். காப்பு வந்ததா? 250க்கு மேற்பட்ட உயிர்கள் போயின; சுமார் 60,000 பேர் வீடு வாசலை இழந்து முகாம்களுக்குப் போனார்கள். வாரிக்கொண்டு போனதைத் திருப்பிக் கொடுங்கள் என்று 2025ல் ஆளுநர் கெடு வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. இந்தக் கரையிலிருப்பவன் தற்காப்பு என்று நீட்டும் துப்பாக்கி, அந்தக் கரையிலிருப்பவனுக்குப் படையெடுப்பாகத்தான் தெரியும். போலீஸ் வரவில்லையென்றால், போலீஸ் ஏன் வரவில்லை என்று சர்க்காரின் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும். அதற்குத் துப்பாக்கி வேண்டாம். பத்துப் பேர் ஒன்றாகச் சேர வேண்டும்.

அமெரிக்காவின் கணக்கையும் முடித்துவிடுவோம். 2020ஆம் வருஷத்தில் அந்த நாட்டில் துப்பாக்கியால் செத்தவர்கள் 45,222 பேர். அதுவரை எந்த வருஷமும் அவ்வளவு பேர் இல்லை. அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள், 24,292 பேர், தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். வாங்கிய துப்பாக்கிக்கும் செத்தவர்களுக்கும் நேர்க்கோடு போட்டுவிட நான் புள்ளிவிவர நிபுணன் அல்ல. ஆனால் இந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகு, என் மருமகன் பயந்த அந்த வீடு புகும் கூட்டத்தை எங்கே என்று தேடுகிறேன். வெளியேயிருந்து வரப்போகிறவனுக்காக அலமாரியில் வைத்தது, உள்ளே துக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் கைக்குத்தான் முதலில் எட்டுகிறது.

இவ்வளவு படித்ததும், “நல்ல வேளை, நாம் அப்படி இல்லை” என்று உங்களில் சிலர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். தயவு செய்து நிமிர்ந்து உட்காருங்கள். இனிமேல்தான் நம் சமாசாரம்.

2020 ஏப்ரல் 24ஆம் தேதி, சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் 26 முதல் நான்கு நாட்களுக்கு முழு அடைப்பு என்று அறிவிப்பு வந்தது. 25ஆம் தேதி ஜனங்கள் கடைத்தெருவில் முண்டிய கூட்டத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நாலு நாளைக்கு நாற்பது நாள் கறிகாய்! கோயம்பேடு மார்க்கெட் வியாதியின் விளைநிலமாகிவிட்டது. அந்த ஒரு நாள் கூட்டம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் எரிகிற வீட்டுக்கு அது விசிறி பிடித்தது. மே 5ஆம் தேதி மார்க்கெட்டையே மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கிப் பிழைத்தவர்கள் லாரியில் தொற்றிக்கொண்டு விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் அரியலூருக்கும் திரும்பி வந்தார்கள். அவர்களோடு நோயும் வந்தது. பட்டணத்தில் கத்தரிக்காய் பதுக்கியவனின் தோட்டா நம் கிராமத்துக் கூலிக்காரன் மார்பில் பாய்ந்தது என்று நான் சொன்னால், அது வெறும் அலங்காரம் ஆகாது.

பட்டணத்தை மட்டும் ஏன் பழிக்க வேண்டும்? என் கதையையும் கேளுங்கள்.

அதற்கு ஒரு மாதம் முன்னால், மார்ச் 24ஆம் தேதி. சாயங்காலம் ஆறு மணிக்கு 144 தடை. பகலெல்லாம் ஊர்க் கடைகளில் திருவிழாக் கூட்டம். எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒரு சிப்பம் அரிசியே மிச்சம். நான் மூன்று சிப்பம் வாங்கினேன். எண்ணெய் ஐந்து லிட்டர் டின் இரண்டு. நான் வாங்கும்போதே கடைக்காரரின் பின்கட்டு காலியாவதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்ததால்தான் இரண்டாவது, மூன்றாவது சிப்பத்தைக் கேட்டேன். எங்கள் தெருக்கோடியில் கூலி வேலைக்குப் போகிற ஒரு மூத்த அக்காள் இருக்கிறாள். அவளுடைய பையன்தான் அந்த மூன்று சிப்பங்களையும் தோளில் சுமந்து வந்து எங்கள் உள்ளறையில் அடுக்கினான். முப்பது ரூபாய் கொடுத்தேன்.

நாலாம் நாள் அந்த அக்காள் வாசலில் வந்து நின்றாள். வேலை இல்லை, கையில் காசு இல்லை. “ஒரு படி அரிசி இருந்தா குடு தம்பி. ரேஷன்ல போட்டதும் குடுத்துடறேன்” என்றாள்.

“இல்லையே அக்கா. எங்களுக்கே நாலு நாளைக்குத்தான் வரும்” என்றேன்.

அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். மூட்டையை அடுக்கியவனின் தாய் அவள். “சரி தம்பி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

டெக்ஸாசில் இருப்பவனை, “யாரைடா சுடப் போற?” என்று அதட்டிக் கேட்ட அதே வாய்தான் இது. அவனாவது பெயர் தெரியாத பக்கத்து வீட்டுக்காரனைக் கண்டு பயந்தான். நான் பெயர் தெரிந்தவளை, சின்ன வயசில் என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டவளைக் கண்டு பயந்தேன். என் வீட்டில் துப்பாக்கி இல்லை என்பதில் எனக்கு என்ன பெருமை? அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நான் குறி பார்த்தது அவளைத்தானே?

ஏப்ரல் 2ஆம் தேதி முதல் டோக்கன் கொடுத்து ரேஷன் கடையில் ஆயிரம் ரூபாயும், விலையில்லாமல் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் போட்டார்கள். மத்திய சர்க்கார் தலைக்கு ஐந்து கிலோ தானியம் கூடுதலாக அறிவித்திருந்தது. தேசத்தின் கிடங்குகளில் அப்போது 5 கோடி டன்னுக்கு மேல் அரிசியும் கோதுமையும் இருந்தன. ஊரில் யாரும் யார் வீட்டிலும் புகவில்லை. என் மூன்று சிப்பத்தில் இரண்டு பிரிக்கப்படாமலே கிடந்து, கடைசியில் புழு வைத்தது. அக்காள் குடும்பத்தைக் காப்பாற்றியது என் அரிசி அல்ல, ரேஷன் அரிசி. அவளைப் பசியோடு விடாததன் மூலம் என் வீட்டையும் அந்த ரேஷன் கடைதான் காப்பாற்றியது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

என் கட்சி இதுதான். கஷ்ட காலத்தில் ஒரு மனிதனுக்குக் காவல் அவன் அலமாரியில் இருப்பது அல்ல; அடுத்த வீட்டு அடுப்பு எரிவதுதான். அந்த அடுப்பு எரியும்படி பார்த்துக்கொள்ள ஒரு பொதுக் கிடங்கும், ஒரு பொதுக் கடையும், கூப்பிட்டால் வருகிற ஒரு போலீஸ்காரனும், கேட்டால் பதில் சொல்லுகிற ஒரு சர்க்காரும் வேண்டும். இவை இல்லாத ஊரில்தான் தோட்டாவுக்கு க்யூ நிற்கிறது. இவை இருக்கிற ஊரிலும், நம் ரேஷன் அரிசியைக் கேலி செய்து, இலவசம் என்று முகம் சுளிக்கிற கனவான்கள் இருக்கிறார்கள். என் திண்ணையிலும் இருந்தார்கள். துப்பாக்கி கேட்டுத் தலையாட்டியவர்களும் அவர்களே. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

செஞ்சிக் கோட்டைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். 2025ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு கூட்டம் அதிகம். மதிலையும் பீரங்கியையும் பார்த்துவிட்டு எல்லாரும் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே பெரிய தானியக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. பீரங்கி வைத்திருந்தவர்களுக்கே அதுவும் வேண்டியிருந்தது. மருமகன் பொங்கலுக்கு வந்தபோது அதைக் காட்டத்தான் அவனை அழைத்துப் போனேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்: “பக்கத்து வீட்டுக்காரர் பேர் இப்பவாவது தெரியுமாடா?”

“இன்னும் இல்ல மாமா” என்றான்.

“போனதும் முதல்ல அதைக் கேட்டுக்க” என்றேன்.

அவனுக்குச் சொல்ல எனக்குத் தகுதி உண்டோ இல்லையோ, சொல்லிவிட்டேன். தெருக்கோடி அக்காளிடம் நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. தினமும் காலையில் அவள் என்னைப் பார்த்து, “நல்லா இருக்கியா தம்பி?” என்று கேட்டுக்கொண்டுதான் போகிறாள். “நல்லா இருக்கேன் அக்கா” என்கிறேன். அதற்கு மேல் வாய் வரவில்லை.